ரத்த உறவு வேறு, ரத்த வகை வேறு: சேலத்தில் முதல் முறையாக ரத்தம் தேடுபவர்களுக்கு

இரவு பத்தரைக்கு மேல் எனக்கு வரும் போன் பெரும்பாலும் ரத்தம் கேட்டுத்தான் இருக்கும். ஒரு ஆவணி மாத ராத்திரி வந்ததும் அப்படித்தான்.

"அண்ணா, ஏற்காட்டுல இருந்து அக்காவப் பிரசவத்துக்குக் கீழ கூட்டிட்டு வந்தோமுங்க. ரத்தம் நிறையப் போயிடுச்சு. ஓ நெகட்டிவ் வேணுங்கறாங்க. கூடப் பொறந்தவங்க மூணு பேரு இங்கயே நிக்கிறோம். ஒருத்தரோடதும் சேராதாமுங்க. அதெப்படிண்ணா சேராமப் போகும்?"

ரத்தம் அன்று இரவே கிடைத்துவிட்டது. அந்த "அதெப்படி"க்குப் பதில் சொல்லத்தான் அடுத்த நாள் பாதி போனது. ஒவ்வொரு குடும்பமும் இதே கேள்வியோடுதான் வருகிறது என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் டாக்டர் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ரத்தம் கொடுப்பவர்களையும் தேடுபவர்களையும் சேர்த்துவிடுவது பத்து வருடத்துக்கும் மேலாகக் கூடவே ஒட்டிக்கொண்ட வேலை. சிகிச்சை முடிவு எதுவானாலும் வார்டு டாக்டர் சொல்வதுதான். அவர் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்குத்தான் இது.

முதல் வேலை: உங்கள் வகையை உறுதி செய்துகொள்ளுங்கள்

டிரைவிங் லைசென்ஸில் இருக்கிறது, பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதை எந்த ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதினார்கள்? பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கே பள்ளி அட்டையில் பி பாசிட்டிவ் என்றுதான் போட்டிருந்தது. இருபது வயதில் முதல் தடவை ரத்தம் கொடுக்கப் போனபோது ஏபி பாசிட்டிவ் என்றார்கள். சண்டை போட்டேன். அந்த டெக்னீஷியன் அம்மா கோபித்துக்கொள்ளாமல் "வாங்க தம்பி, நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார்.

வெள்ளை டைல் ஒன்றில் என் ரத்தம் மூன்று சொட்டு. முதல் சொட்டில் நீல நிற மருந்து, அது ஆன்டி-ஏ. இரண்டாவதில் மஞ்சள் நிற மருந்து, ஆன்டி-பி. மூன்றாவதில் நிறமே இல்லாத ஆன்டி-டி. குச்சியால் தனித்தனியாகக் கலக்கி டைலை மெல்ல ஆட்டினார். மூன்று சொட்டும் திரிந்த பால் மாதிரி மணல் மணலாகப் பிரிந்தன. ஏ-யிலும் பி-யிலும் திரிந்தால் ஏபி. ஏ-யில் மட்டும் திரிந்தால் ஏ, பி-யில் மட்டும் என்றால் பி. இரண்டிலும் திரியாமல் வழுவழுவென்று கிடந்தால் ஓ. மூன்றாவது சொட்டு திரிந்தால் பாசிட்டிவ், திரியாவிட்டால் நெகட்டிவ். அவ்வளவுதான் சோதனை. ஆனால் கொஞ்சம் அவசரப்பட்டாலும், மருந்து பழசாகியிருந்தாலும், ஒரு பெயரை இன்னொரு பெயருக்கு நேரே எழுதிவிட்டாலும் தப்பு நேரும்.

ரத்த வங்கியில் இதோடு விட மாட்டார்கள். சிவப்பணுவை ஒரு பக்கம் சோதித்து, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை மறுபக்கம் சோதித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் வகையை எழுதுவார்கள். அதனால் உங்கள் வகை தெரிய வேண்டுமானால் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிடுவதுதான் நல்ல வழி. முடியாதவர்கள் நம்பகமான லேபில் பார்த்து, ரிப்போர்ட்டை போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

கொலுசை வைத்துச் சொன்னால்

இந்த ஏ, பி, ஓ என்பது என்ன? எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன்.

சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரைத் துணுக்குகளால் ஆன சின்னச் சின்னச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சங்கிலியின் நுனியில் ஒரு வளையம். அதற்கு ஹெச் என்று பெயர். உடம்பில் ஏ என்ற ஆசாரி இருந்தால் அந்த வளையத்தில் ஒரு சலங்கையைப் பற்றவைப்பார். பி என்ற ஆசாரி இருந்தால் ஒரு முத்தைப் பற்றவைப்பார். இரண்டு பேரும் இருந்தால் சில வளையத்தில் சலங்கை, சில வளையத்தில் முத்து, அதுதான் ஏபி. ஓ என்றால் ஆசாரி இருக்கிறார், கையில் வேலை இல்லை. வளையம் வெறுமனே நிற்கும். சலங்கை, முத்து என்று நான் சொல்வதெல்லாம் உண்மையில் வேறு வேறு சர்க்கரை. ஆசாரி என்பது அதை ஒட்டவைக்கும் என்சைம்.

தன்னிடம் இல்லாததை உடம்பு அன்னியமாகப் பார்க்கும். பிறந்த சில மாதங்களிலேயே, குடலில் வாழும் கிருமிகளின் மேலுள்ள இதே மாதிரி சர்க்கரைகளைப் பார்த்துப் பார்த்து, எதிர்ப்பொருளைத் தயார் செய்துவிடுகிறது. ஏ வகைக்காரர் உடம்பில் பி-க்கு எதிரான பொருள் இருக்கும், பி வகைக்காரருக்கு ஏ-க்கு எதிரானது. ஓ வகைக்காரரிடம் இரண்டும் உண்டு. ஏபி-யிடம் எதுவும் கிடையாது. வகை மாறிய ரத்தம் ஏற்றினால் சில மில்லி லிட்டரிலேயே இந்த எதிர்ப்பொருள் வேலையைத் தொடங்கிவிடும். உள்ளே போன அணுக்கள் உடைந்து, சிறுநீரகம் அடிபட்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வியன்னாவின் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். 1900-இல் தொடங்கி, தன் ஆய்வகத்தில் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையே ஒன்றோடு ஒன்று கலந்து பார்த்துத்தான் பிரித்தார். 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14-தான் உலக ரத்ததானம் செய்வோர் நாள். பாசிட்டிவ், நெகட்டிவ் சமாச்சாரம் 1940 வாக்கில்தான் தெளிவானது. அது டி என்ற தனிப் புரதம். இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இந்த டி-க்கு எதிரான பொருள் பிறவியிலேயே இருக்காது. பாசிட்டிவ் ரத்தம் ஒருமுறை உள்ளே போன பிறகுதான் உருவாகும். பிரசவ விஷயத்துக்கு வரும்போது இது தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ: எப்படி?

ஏற்காட்டுக் குடும்பத்துக்கு வருவோம். அப்பா ஏ பாசிட்டிவ், அம்மா பி பாசிட்டிவ். மூத்த மகள் ஓ நெகட்டிவ். தம்பிகள் மூவரில் ஒருவர் ஏ பாசிட்டிவ், ஒருவர் பி பாசிட்டிவ், கடைசித் தம்பி ஏபி பாசிட்டிவ். வீட்டில் ஓ என்று ஒருவரும் இல்லை, நெகட்டிவ் என்றும் ஒருவரும் இல்லை. அந்தப் பெண்ணின் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சம்பந்தியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

கணக்கு சுலபம். ஒவ்வொருவருக்கும் ஆசாரிகள் இரண்டு பேர்: அப்பா வழியில் ஒருவர், அம்மா வழியில் ஒருவர். ஓ ஆசாரிக்கு வேலை தெரியாது என்பதால் பக்கத்தில் ஏ இருந்தால் வெளியே ஏ மட்டும்தான் தெரியும். ஓ இருப்பது தெரியவே தெரியாது. இந்த அப்பா வெளியே ஏ. உள்ளே ஏ-யும் ஓ-வும். அம்மா வெளியே பி. உள்ளே பி-யும் ஓ-வும். பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள். எதைக் கொடுப்பது என்பது காசு சுண்டிப் போடுவது மாதிரி. அப்பாவிடமிருந்து ஏ-யும் அம்மாவிடமிருந்து பி-யும் வந்தால் பிள்ளை ஏபி. ஏ-யும் ஓ-வும் என்றால் ஏ. ஓ-வும் பி-யும் என்றால் பி. இரண்டு பக்கமும் ஓ வந்தால் பிள்ளை ஓ. ஒரே வீட்டில் நான்கு வகையும் பிறக்கலாம். இந்த வீட்டில் பிறந்தும் விட்டன.

நெகட்டிவும் இதே கதைதான். பாசிட்டிவ் பெற்றோர் இருவரிடமும் ஒரு நெகட்டிவ் ஒளிந்திருந்தால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளை நெகட்டிவ். ஓ-வுக்கு நாலில் ஒன்று, நெகட்டிவுக்கு நாலில் ஒன்று. பெருக்கினால் ஓ நெகட்டிவுக்குப் பதினாறில் ஒன்று. அரிதுதான், ஆனால் அதிசயம் ஒன்றும் இல்லை.

மற்ற ஜோடிகளையும் இப்படியே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இருவரும் ஓ என்றால் பிள்ளை ஓ மட்டும்தான். இருவரும் ஏ என்றால் ஏ அல்லது ஓ. இருவரும் பி என்றால் பி அல்லது ஓ. ஏ-க்கும் ஓ-வுக்கும் ஏ அல்லது ஓ பிறக்கும், பி-க்கும் ஓ-வுக்கும் பி அல்லது ஓ. ஏபி-யோடு ஏ, பி, ஏபி இவற்றில் எது சேர்ந்தாலும் ஓ வராது, மற்ற மூன்றும் வரலாம். இருவரும் நெகட்டிவ் என்றால் பிள்ளையும் நெகட்டிவ்தான். ஆட்கள் மிகவும் குழம்பும் ஜோடி ஏபி-யும் ஓ-வும். அவர்களுக்குப் பிறப்பது ஏ அல்லது பி. அதாவது பிள்ளையின் வகை அப்பாவுடையதாகவும் இருக்காது, அம்மாவுடையதாகவும் இருக்காது. இதுதான் சாதாரணம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் வீட்டில் விசாரணை நடத்தக் கிளம்ப வேண்டாம். கணக்குக்கு ஒத்துவராத பிள்ளை என்று என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், அப்பாவின் பழைய அட்டையில் இருந்த வகையே தப்பு. மறுபடி சோதித்தபோது எல்லாம் சரியாகிவிட்டது. அதற்குள் நாலு மாதம் அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளவில்லை. அட்டைத் தவறு போக, ஏ-யோ பி-யோ மிகப் பலவீனமாக இருந்து சோதனையில் தெரியாமல் போவதும் உண்டு. ஏ-யும் பி-யும் ஒரே பக்கத்திலிருந்து சேர்ந்தே வருவதும் மிக அபூர்வமாக உண்டு. ரத்த வகையை வைத்து யார் பிள்ளை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

யார் யாருக்குக் கொடுக்கலாம்?

சிவப்பணுவைப் பொறுத்தவரை விதி இதுதான்: வாங்குபவரிடம் இல்லாத சலங்கையோ முத்தோ உள்ளே போகக் கூடாது. ஓ வெறும் வளையம் என்பதால் யாருக்கும் உறுத்தாது. ஏ-யை ஏ-க்கும் ஏபி-க்கும் கொடுக்கலாம், பி-யை பி-க்கும் ஏபி-க்கும். ஏபி-யை ஏபி-க்கு மட்டும். நெகட்டிவ் ரத்தம் பாசிட்டிவுக்குப் போகலாம். பாசிட்டிவ் நெகட்டிவுக்கு, அதிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு, போகக் கூடாது. ஆக ஓ நெகட்டிவ் எல்லோருக்கும் ஆகும், ஆனால் ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ் தவிர எதுவும் ஆகாது. நம் பக்கத்தில் ஓ-வும் பி-யும் அதிகம், அடுத்து ஏ, குறைவாக ஏபி. நெகட்டிவ் நூறு பேரில் ஐந்தாறு பேர்தான். அந்த ஐந்தாறிலும் ஓ எத்தனை என்று பார்த்தால் ராத்திரி போன் ஏன் வருகிறது என்று புரியும்.

பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதி என்றால் அப்படியே தலைகீழ். எதிர்ப்பொருள் மிதப்பது அதில்தான். ஏபி பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் இல்லை என்பதால் அதை யாருக்கும் கொடுக்கலாம். அந்தக் கடைசித் தம்பி "ஏபி-ண்ணா, என்னுது யாருக்கு ஆகப்போவுதுங்க" என்று ஓரமாகப் போய் உட்கார்ந்திருந்தார். இதைச் சொன்னதும் முதல் ஆளாக எழுந்து வந்து கையை நீட்டினார்.

வகை ஒன்றாக இருந்தாலும் நேரே ஏற்றிவிட மாட்டார்கள். நோயாளியின் சீரத்தோடு கொடுப்பவரின் சிவப்பணுவைக் கலந்து, உடல் சூட்டில் வைத்து, திரிகிறதா என்று பார்ப்பார்கள். இதுதான் கிராஸ் மேட்சிங். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். "குரூப் ஒண்ணுதானே, சீக்கிரம் குடுங்க" என்று கவுன்டரில் கத்தாதீர்கள். ஏ, பி, டி தவிர இன்னும் நிறைய வகைகள் சிவப்பணுவின் மேல் இருக்கின்றன. முன்பு ரத்தம் ஏற்றியவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அவற்றுக்கு எதிராக ஏதாவது உருவாகியிருக்கலாம். அதைப் பிடிப்பது இந்தச் சோதனைதான்.

பம்பாய் வகையும் இங்கேதான் பிடிபடும். 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் உடன் இருந்தவர்களும் கண்டறிந்து எழுதியது. கொலுசுக் கணக்கில் இவர்களுக்கு நுனி வளையமே கிடையாது. ஏ ஆசாரியும் பி ஆசாரியும் இருந்தாலும் பற்றவைக்க இடம் இல்லை. டைலில் பார்த்தால் ஓ மாதிரியே தெரியும், ஆனால் ஓ ரத்தத்தில் உள்ள வெறும் வளையத்தைக்கூட இவர்கள் உடம்பு எதிர்க்கும். எந்த ஓ பையைக் கலந்தாலும் திரிந்துகொண்டே இருந்தால் அங்கே சந்தேகப்படுவார்கள். இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவர். அப்பா, அம்மா இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தால்தான் வெளியே வரும். அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது என்று இருக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களையும் உடனே சோதிக்க வேண்டும்.

சொந்தக்காரர் ரத்தம் நல்லதா?

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடட்டும், தப்பில்லை. ஆனால் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் ரத்தத்தை நேராக ஏற்றுவதை ரத்த வங்கிகள் கூடியவரை தவிர்க்கவே பார்க்கும்.

காரணம் வெள்ளணு. வேற்றாளின் வெள்ளணு உள்ளே வந்தால் உடம்பு அதை அடையாளம் கண்டு அழித்துவிடும். சொந்தக்காரருடையது கிட்டத்தட்ட நம் வீட்டுச் சாயலிலேயே இருப்பதால் சில சமயம் தப்பித்துத் தங்கிவிடும். தங்கிய பிறகு, தங்கிய வீட்டையே தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது மிகக் கடினம். அதனால் சொந்தக்காரர் ரத்தம்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் கதிர்வீச்சு கொடுத்து, அந்த வெள்ளணுக்களைச் செயலிழக்க வைத்துத்தான் ஏற்றுவார்கள். தலசீமியா மாதிரி அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை நோயுள்ள பிள்ளைகளுக்குப் பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டி வரலாம். மஜ்ஜை கொடுக்கப்போவது அண்ணனோ தங்கையோவாக இருக்கும் என்பதால் அங்கேயும் வீட்டு ரத்தம் வேண்டாம் என்பார்கள்.

அந்த ராத்திரி, ஏற்காட்டுப் பெண்ணின் கணவர் "நானும் ஓ-தாங்க, எடுத்துக்கங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார். அவர் ஓ பாசிட்டிவ், அதனாலேயே ஆகாது. நெகட்டிவாகவே இருந்தாலும் பிள்ளை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவன் ரத்தம் வேண்டாம் என்பதுதான் வழக்கம். அவரிடமுள்ள ஏதோ ஒரு நுண்வகைக்கு எதிராக அவள் உடம்பில் எதிர்ப்பொருள் உருவானால், அடுத்த கர்ப்பத்தில் அப்பாவின் அதே வகையோடு வரும் குழந்தையை அது தாக்கும்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டால் வரிசையாகச் செய்ய வேண்டியது

முதலில் நர்ஸிடமோ டாக்டரிடமோ மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: சிவப்பணுவா, பிளாஸ்மாவா, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டா; எத்தனை யூனிட், அதாவது எத்தனை பை; எத்தனை மணிக்குள். வெறுமனே "பிளட் வேணும்" என்று கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வருவீர்கள்.

அடுத்து, ரத்தம் கேட்டு டாக்டர் எழுதித் தரும் ரிக்விசிஷன் படிவமும் நோயாளியின் ரத்த மாதிரிக் குழாயும். கட்டிலருகே ரத்தம் எடுக்கும்போதே குழாயில் பெயர், வயது, உள்நோயாளி எண் எழுதப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உலகம் முழுக்கவே தவறான ரத்தம் ஏறுவதற்கு முக்கியக் காரணம் சோதனைத் தவறு இல்லை, பெயர் மாறுவதுதான். ஒரே வார்டில் இரண்டு செல்வி இருப்பது நம் ஊரில் என்ன அதிசயமா?

பிறகு அந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி. சட்டப்படி இப்போது பெயர் ரத்த மையம். இல்லையென்றால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை, அதாவது நாம் ஜி.ஹெச். என்று சொல்லும் பெரியாஸ்பத்திரி. அப்புறம் ஊரில் உள்ள மற்ற ரத்த வங்கிகள். எங்கே எந்த வகை இருப்பில் இருக்கிறது என்று அரசின் இ-ரக்த்கோஷ் இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் பார்த்த கையோடு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காட்டுப் பெண்ணுக்கு அன்று ஒரு யூனிட் அந்த ஆஸ்பத்திரி வங்கியிலேயே இருந்தது, இன்னொன்று வேறொரு வங்கியில் கிடைத்தது.

பெரும்பாலும் பதிலுக்கு ஆள் கொண்டுவரச் சொல்வார்கள். அதே வகைதான் வேண்டும் என்று நினைத்து ஊரெல்லாம் ஓடாதீர்கள். இருப்பிலிருந்து கொடுத்துவிட்டுப் பதிலுக்கு வாங்குவது பொதுவாக எந்த வகையானாலும் சரிதான். இப்போது எடுத்த ரத்தம் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனை தாண்டித்தான் இன்னொருவருக்குப் போகும். "சூடா எடுத்து உடனே ஏத்துங்க" என்பது பழைய பேச்சு. தம்பிகள் மூன்று பேரும் மறுநாள் காலை கொடுத்தது இப்படிப் பதில் கணக்கில்தான்.

காசு கொடுத்து ஆள் பிடிக்கவே பிடிக்காதீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து கூலிக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. ரத்தத்துக்கு விலை கிடையாது, சோதனைக்கும் பதப்படுத்துவதற்கும்தான் கட்டணம். அதற்கு ரசீது கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் செய்தி போடுவதாக இருந்தால் தேதி போடுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வகை, எத்தனை யூனிட், யாரிடம் பேச வேண்டும், தேதி, மணி. கிடைத்துவிட்டதும் "கிடைத்துவிட்டது" என்று அதே குழுவில் போடுங்கள். "அவசரம், இன்றே" என்று ஒரு செய்தி இரண்டு வருடமாக இந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தை குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறது. அதன் அப்பா போன் நம்பரையே மாற்றிவிட்டார், பாவம்.

கடைசியாக, வேறு வங்கியிலிருந்து பையைக் கொண்டுவரும்போது ஐஸ் வைத்த பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். சிவப்பணு 2 முதல் 6 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய பொருள். ஒரு சித்திரை மாத மத்தியானம், ஒரு பையன் ஐந்து ரோட்டிலிருந்து மஞ்சப்பையில் போட்டு வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வழியில் ஒரு கடையில் நின்று ஜூஸ் வேறு குடித்திருக்கிறான். வார்டில் அதை வாங்கவே இல்லை. குளிரிலிருந்து வெளியே எடுத்தால் அரை மணிக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், நாலு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். வெந்நீரில் போட்டுச் சூடாக்குவது என்பதெல்லாம் நினைத்தே பார்க்கக் கூடாது.

கொடுக்கப் போகிறவர்களுக்கு

வயது 18 முதல் 65. முதல் தடவை என்றால் 60-க்குள். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் 12.5 கிராம் வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை. பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். மருந்து மாத்திரை, ஆபரேஷன், தடுப்பூசி, காய்ச்சல் எதுவானாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். தள்ளிவைக்க வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். விரதம் இருக்கும் நாளில் வேண்டாம், ஆடி வெள்ளிக்கு விரதம் இருந்துவிட்டு வந்து மயங்கி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். ராத்திரி வேலை முடித்துத் தூங்காமல் வரவும் கூடாது. அன்று பதிலுக்குக் கொடுக்க அம்மாபேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் விடியற்காலை ஷிப்டு முடித்து நேராக வந்தார். நல்ல மனசு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். போய்த் தூங்கி எழுந்து மறுநாள் வந்து கொடுத்தார். லாரி ஓட்டுபவர்கள், கொடுத்த பிறகு 24 மணி நேரமாவது வண்டி எடுக்காமல் இருக்க முடியுமானால் மட்டும் வாருங்கள்.

விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிறத் துத்தக் கரைசலில் விட்டுப் பார்ப்பார்கள். சொட்டு மளமளவென்று கீழே இறங்கினால் ஹீமோகுளோபின் போதும். தயங்கி மிதந்தால் வீட்டுக்குப் போய் முருங்கைக்கீரை சாப்பிட வேண்டியதுதான். எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் ஆசையாக வந்து இந்தச் சொட்டிலேயே திரும்பிப் போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். அவர்களை மனசு நோகாமல் அனுப்புவதோடு, ரத்த சோகைக்கு டாக்டரைப் பார்க்கவும் சொல்லி அனுப்ப வேண்டும்.

படுத்தால் பத்து நிமிட வேலை, 350 மில்லி. எடை 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 வரை எடுப்பார்கள். நீர் அளவு ஓரிரு நாளில் சரியாகிவிடும், சிவப்பணு நிரம்பச் சில வாரம் ஆகும். கொடுத்த பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்து, கொடுக்கும் பிஸ்கட்டையும் ஜூஸையும் வெட்கப்படாமல் சாப்பிடுங்கள். மலைக்காரர்கள் அன்று பைக்கில் மேலே ஏற வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில், ஜன்னலோரம், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

ஓ நெகட்டிவ்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கூப்பிட்டவுடன் முகாமில் கொடுத்துவிடாமல், ரத்த வங்கியில் பெயரைப் பதிந்துவிட்டு, அவர்கள் அழைக்கும்போது கொடுங்கள். கொடுத்துவிட்டால் மூன்று நாலு மாதம் உங்களை மறுபடி கூப்பிட முடியாது அல்லவா? சிவப்பணுவைக் காப்பதும் 35 நாளிலிருந்து 42 நாள்தான்.

கல்யாணமும் கர்ப்பமும்

ஒரே ரத்த வகை இருந்தால் கல்யாணம் செய்யக் கூடாது என்று ஜாதகத்தோடு ரத்த வகையையும் கேட்டு வரன்களைத் தட்டிக்கழிப்பது இப்போது நம் பக்கத்தில் அதிகமாகிவிட்டது. அதில் ஒன்றும் இல்லை. ஓ-வும் ஓ-வும் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே ஒரு ஜோடி: பெண் நெகட்டிவ், பையன் பாசிட்டிவ். அவர்களும் கட்டிக்கொள்ளலாம், டாக்டரிடம் முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டால் போதும்.

வயிற்றில் இருப்பது பாசிட்டிவ் குழந்தை என்றால், பிரசவத்தில் அதன் ரத்தம் கொஞ்சம் அம்மாவுக்குள் கலக்கும். அப்போதுதான் டி-க்கு எதிரான பொருள் உருவாகத் தொடங்கும். அந்தக் குழந்தை பிழைத்துக்கொள்ளும். அடுத்த பாசிட்டிவ் குழந்தை கருவில் இருக்கும்போது அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். இதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. 1968-இலிருந்து உலகம் பயன்படுத்துகிறது. ஏழாவது மாதத்தில், 28-ஆவது வாரத்தை ஒட்டி ஒன்று. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் டாக்டரிடம் இந்த ஊசி பற்றிக் கேட்க வேண்டும். இதைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் மூன்றாவது மாதத்திலேயே வகையைச் சோதித்து, நெகட்டிவ் என்றால் பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வலி வந்த பிறகு வளைவு வளைவாக இறங்கிக்கொண்டே தேடுவது நடக்கிற காரியம் இல்லை.

ஏற்காட்டுக் குழந்தை பெண் குழந்தை, ஓ பாசிட்டிவ். இரண்டாம் நாள் சாயங்காலம் கணவர் போன் செய்தார். "அண்ணா, ரத்தம் ஏத்தியாச்சு, நல்லா இருக்காங்க, நாளைக்கு ஊருக்குப் போலாங்களா?" ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். "எந்த ஊசிங்க?" என்றார். வார்டு சிஸ்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். சீட்டில் எழுதி வைத்துவிட்டார்கள், வீட்டார் இன்னும் வாங்கி வரவில்லை, அவ்வளவுதான். அன்று இரவு எட்டு மணிக்கு ஊசி போட்டார்கள். போட்ட தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கி, லேமினேட் செய்து பீரோவில் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு எனக்கு போட்டோவும் அனுப்பினார்.